இரட்சணிய யாத்திரிகம் காட்டும் நேர்வழி

எச். ஏ. கிருட்டிணபிள்ளையைக் ‘கிறித்தவக் கம்பர்’ என்று போற்றுவது தமிழுலகில் நெடுநாளைய வழக்கம். பட்டம் பொருத்தமானதே. ஆயினும் பட்டங்களால் வரும் தீமை ஒன்று உண்டு. பட்டம் சூட்டியபின் நூலைப் படிக்கும் கடமை தீர்ந்துவிட்டதாகப் பலர் எண்ணிவிடுகின்றனர். இரட்சணிய யாத்திரிகம் இன்று தேர்வுத்தாளில் ஒரு மதிப்பெண் வினாவாகவும் இலக்கிய வரலாற்று நூல்களில் ஒரு பத்தியாகவும் சுருங்கிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ‘பனியன் எழுதிய ஆங்கில நூலின் தழுவல், கம்பனின் நடையைப் பின்பற்றியது, ஐந்து பருவங்கள் கொண்டது’ என்ற மூன்று செய்திகளோடு மாணவன் நின்றுவிடுகின்றான். ஆசிரியரும் நிறுத்திவிடுகின்றனர்.

அந்நூல் எழுப்பும் வினாவோ எச்சமயத்தாரும் எண்ணத்தக்கது. இறைவன் காட்டிய வழி இதுவென்று ஒருவன் ஒருநாள் தெளிகின்றான். தெளிந்த அந்த நாள் பெருநாள். ஆனால் அதற்கு மறுநாள் பொழுது விடிகின்றதே! அதற்கு அடுத்த நாளும் விடிகின்றதே! அந்த எளிய நாள்களில், உணர்ச்சி தணிந்த வேளைகளில், அவன் அவ்வழியிலேயே நிற்பது எங்ஙனம்? இவ்வினாவிற்கு இரட்சணிய யாத்திரிகம் தரும் விடை எத்தகையது, அவ்விடை எங்கே நிறைவுடையது, எங்கே குறையுடையது என்று ஆராய்வது பயனுடையதாகும்.

கவிஞரும் காலமும்

கிருட்டிணபிள்ளை 1827ஆம் ஆண்டு நெல்லைச் சீமையிலுள்ள கரையிருப்பு என்னும் சிற்றூரில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தவர். அவர்தம் தந்தையார் சங்கரநாராயண பிள்ளை கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். எனவே இராமகாதை அவருக்கு ஏட்டில் கற்ற பாடமாக அன்றி, வீட்டில் கேட்ட மொழியாக அமைந்தது. 1853இல் சாயர்புரம் கிறித்தவக் கல்விச்சாலையில் தமிழாசிரியரானார். அப்போது அவர் கிறித்தவர் அல்லர். கிறித்தவர் நடுவே, தம் சமயத்தில் உறுதியோடு, தமிழ் கற்பித்து வந்தார். ஐந்தாண்டுகளுக்குப் பின்னர், 1858இல், சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஒரு நொடியில் ஏற்பட்ட மயக்கத்தால் அவர் சமயம் மாறவில்லை என்பதை இக்காலக் கணக்கே காட்டும்.

அதன் பின்னர் நிகழ்ந்தவை இன்னும் கருதத்தக்கவை. அவர் துறவு பூண்டாரல்லர். ஊர் ஊராகச் சென்று முழங்கும் பேச்சாளராகவும் ஆனாரல்லர். சென்னையிலும் சாயர்புரத்திலும் பாளையங்கோட்டையிலும் திருவனந்தபுரத்திலும் தமிழ்ப் பணியே ஆற்றினார். ‘நற்போதகம்’ என்னும் இதழில் காப்பியத்தைச் சிறிது சிறிதாகப் பல்லாண்டு வெளியிட்டார். நூல் முழுமை பெற்று 1894இல் வெளிவந்தபோது அவருக்கு அகவை 67. திருமுழுக்கிற்கும் நூல் வெளியீட்டிற்கும் இடையே 36 ஆண்டுகள் கழிந்துவிட்டன. 1900இல் அவர் மறைந்தார். 3,600க்கு மேற்பட்ட செய்யுட்களை இவ்வாறு இதழுக்கு இதழ் எழுதி முடித்தவர், நிலைத்து நிற்பது எத்துணை அரிது என்பதைத் தம் தொழிலிலேயே உணர்ந்திருப்பார்.

மூலநூலாசிரியரான ஜான் பனியனும் அவ்வகையினரே. பாத்திரம் பழுதுபார்க்கும் எளிய தொழிலாளி அவர். அரசின் இசைவின்றிச் சமயவுரை ஆற்றினார் என்று 1660இல் சிறைப்பட்டார். ‘இனி அவ்வாறு பேசேன்’ என்று உறுதி கூறியிருந்தால் வெளிவந்திருக்கலாம். கூற மறுத்தமையால் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிற் கழிந்தன. ஒருமுறை மறுப்பது வீரம். பன்னிரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு காலையும் எழுந்து மறுப்பது வேறொன்று. 1678இல் வெளிவந்த அவருடைய நூல் அந்த வேறொன்றைப் பற்றியதே.

பகைவரால் வாரா வீழ்ச்சி

கதை பலரும் அறிந்தது. அழிவிற்குரிய நகரத்தில் வாழும் ஒருவன் தன் முதுகில் பெருஞ்சுமை இருப்பதை உணர்கின்றான். தமிழ்க் காப்பியத்தில் அவன் பெயர் ஆத்தும விசாரி. மறைநூல் கற்றதால் அச்சமுற்று, வழிகாட்டி ஒருவரின் சொற்கேட்டு, முத்திநகர் நோக்கிப் புறப்படுகின்றான். வழியில் சிலுவையடியில் சுமை கழன்று விழுகின்றது. மலையும் பள்ளத்தாக்கும் கடந்து, நிதானி, நம்பிக்கை என்னும் துணைவரைப் பெற்று, இறுதியில் ஆற்றைக் கடந்து கரையேறுகின்றான்.

பாடஞ் சொல்வோர் பெரும்பாலும் இக்கதையின் போர்களையே எடுத்துரைப்பர். பேயரசனோடு செய்த போர், சாவின் நிழல் படிந்த பள்ளத்தாக்கு, மாயாபுரிச் சந்தையில் நிதானி உயிர் துறந்தமை ஆகியன உணர்ச்சி மிக்க இடங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். இவ்விடங்களில் எதிலும் யாத்திரிகன் வழி தவறவில்லை! பேயரசன் அவனைக் காயப்படுத்தினான். பாதையை விட்டு விலக்கவில்லை. மாயாபுரியார் நிதானியை எரித்தனர். அவன் கொள்கையை எரிக்க இயலவில்லை. பகைவன் பகைவனாகவே வரும்பொழுது நல்லவன் விழித்துக்கொள்கின்றான்.

அவ்வாறாயின் அவன் வழி தவறிய இடங்கள் எவை? மூலக்கதையில் அவை நான்கு.

முதலாவது, உலகியலறிவு மிக்க பெரிய மனிதர் ஒருவரின் அறிவுரை. ‘இத்துணைத் துன்பம் எதற்கு? அதோ அந்த ஊரில் நல்லொழுக்கத்தார் உளர். அங்கே சுமை எளிதில் இறங்கும்’ என்கின்றார் அவர். தீமை செய்யச் சொல்லவில்லை. சுருக்கு வழிதான் சொல்கின்றார். இரண்டாவது, மலைச்சரிவிலுள்ள நிழல்மண்டபம். களைத்தவர் இளைப்பாற இறைவனே அமைத்த இடம் அது. அங்கே அமர்வது பிழையன்று. அயர்ந்து உறங்கியதே பிழை. உறக்கத்தில் கைச்சுருள் நழுவிவிட, அதைத் தேடி வந்த வழியே திரும்பவேண்டியதாயிற்று. ஒருமுறை நடக்கவேண்டிய வழியை மும்முறை நடந்தான். மூன்றாவது, பாதையை ஒட்டியே செல்லும் பசும்புல்வெளி. கால் நொந்தவனுக்கு அது இனிதாகத் தோன்றுகின்றது. வேலி ஒன்றைத் தாண்டினாற் போதும். இரண்டு வழியும் ஒரே திசையில்தான் செல்கின்றன என்று எண்ணித் துணைவனையும் அழைத்துச் செல்கின்றான். இரவு வந்ததும் இரு வழியும் பிரிந்துவிடுகின்றன. விடியலில் அவநம்பிக்கை என்னும் அரக்கனின் கோட்டையில் இருவரும் சிறைப்படுகின்றனர். நான்காவது, இன்சொல் பேசி வலையில் வீழ்த்தும் முகமனாளன். அவனைப் பற்றி மலையிடையர்கள் முன்பே எச்சரித்திருந்தனர், வழிக்குறிப்பும் கொடுத்திருந்தனர். குறிப்பு மடியிலிருந்தது, எடுத்துப் பார்க்க மறந்தனர்.

இந்நான்கிலும் வாளில்லை, நெருப்பில்லை. அறிவுரை, நிழல், புல்வெளி, இன்சொல் என எல்லாம் இனியவை. இறைவழி நிற்றலுக்கு அன்றாட வாழ்வில் நேரும் ஊறு இவ்வடிவில்தான் வருகின்றது என்பது இந்நூலின் முதன்மையான கருத்தாகும். பகையை வெல்ல வீரம் வேண்டும். வசதியை வெல்ல விழிப்பு வேண்டும். விழிப்பு வீரத்தினும் அரிது.

கோட்டைச் சிறையிலிருந்து அவர்கள் விடுபட்ட முறையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. புதிய அருட்செயல் ஒன்றும் நிகழவில்லை. வானத்தூதர் வந்து கதவைத் திறக்கவில்லை. வாக்குறுதி என்னும் திறவுகோல் யாத்திரிகன் மார்பிலேயே இருந்தது. நாள் சில துன்புற்றபின் அது நினைவிற்கு வந்தது. இறைவழி தெரியவில்லையே என்று வருந்துவோரில் பலருக்கும் குறை வழி காட்டப்படாமை அன்று. காட்டப்பட்டதை மறந்தமையே ஆகும்.

கம்பனிடம் பெற்றது

இவ்வளவும் பனியனுக்குரிய பெருமைதானே, கிருட்டிணபிள்ளை செய்தது யாது என்று கேட்கலாம். இந்நூலின் உரைநடைப் பெயர்ப்பு தமிழில் உண்டு. கதை மட்டும் வேண்டுவோர்க்கு அதுவே போதும். தமிழ்க் கவிஞர் இயற்றியது மொழிபெயர்ப்பு அன்று. பனியனின் நூலில் இயேசு பெருமானின் பாடுகள் கதையாக விரித்துரைக்கப்படவில்லை. சிலுவை ஒரு காட்சியாக நின்று மறைகின்றது. கிருட்டிணபிள்ளையோ குமார பருவத்தில் அத்திருப்பாடுகளைக் காப்பிய விரிவோடு பாடினார். நூலின் உயிர்நிலை அதுவே என்பது கற்றோர் பலர் துணிபு.

இச்சேர்க்கையால் நூலின் பொருளே ஆழம் பெற்றுவிடுகின்றது. ஆங்கில நூலில் வழி என்பது பெரும்பாலும் விதியாகவும் எச்சரிக்கையாகவும் நிற்கின்றது. தமிழ் நூலில் அவ்வழியை முன்னரே நடந்து காட்டிய ஒருவரின் முகம் தெரிகின்றது. தம்மைத் துன்புறுத்துவோர்க்காகவே மன்றாடிய அந்த முகத்தைக் கண்டபின் யாத்திரிகன் நடக்கின்றான். பின்பற்றுதல் என்னும் சொல்லுக்கு அப்போதுதான் பொருள் வருகின்றது.

கம்பனிடம் அவர் கற்றது வெறும் விருத்த ஓசை அன்று என்பதும் இங்குப் புலனாகும். முடிசூடுக என்று தந்தை சொன்னபோதும் காடேகுக என்று சிற்றன்னை சொன்னபோதும் மாறாத முகத்தோடு நின்ற இராமனைக் கேட்டு வளர்ந்தவர் அவர். பணிதல் தாழ்வன்று, பெருமை என்பதைத் தமிழர்க்குக் கம்பன் முன்பே பழக்கிவைத்தான். அந்தப் பழக்கத்தின்மீதே கிருட்டிணபிள்ளை தம் பாட்டுடைத் தலைவரை நிறுத்தினார். ஆகவே கிறித்தவர் அல்லாத தமிழரும் அப்பகுதியை அயல்நாட்டுக் கதையாகக் கொள்ளாமல் நெஞ்சுருகப் படிக்க இயல்கின்றது.

நந்திக்கிராமம் எங்கே?

இனிக் குறைக்கு வருவோம். தமிழ் நெஞ்சம் இக்கதையில் இடறும் இடம் ஒன்றுண்டு. தலைவன் மனைவி மக்களை விட்டு ஓடுகின்றான். அவர்கள் அழைக்கும் ஒலி கேளாவண்ணம் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகின்றான். உருவகக் கதையில் இதற்கு விளக்கம் கூறலாம். ஆயினும் இல்லறத்தை அறத்தின் இயல்பாகவே கண்ட மக்களுக்கு அவ்விளக்கம் எளிதில் நிறைவு தராது. பனியனுக்கே அது உறுத்தியிருக்கவேண்டும். 1684இல் அவர் இரண்டாம் பாகம் ஒன்று எழுதி, மனைவியும் மக்கள் நால்வரும் அவ்வழியே புறப்பட்டு வருவதைப் பாடினார் போலச் சொன்னார். கிருட்டிணபிள்ளையின் காப்பியமோ தலைவனின் பயணமாகிய முதற்பாகத்தைத் தழுவியே எழுந்தது.

காப்பியத்தின் நான்காம் பருவத்திற்கு ஆரணிய பருவம் என்று பெயர். அப்பெயரே கம்பனின் ஆரணிய காண்டத்தை நினைவூட்டும். ஆனால் இராமகாதையில் காடு சென்றவன் மட்டும் இல்லை. நாட்டில் இருந்தவனும் இருக்கின்றான். பரதன் நந்திக்கிராமத்தில் தமையனின் பாதுகைகளை முன்வைத்துப் பதினான்கு ஆண்டுகள் அரசியற் பணி ஆற்றினான். அவனுக்குப் பயணம் இல்லை, புதிய நிலக்காட்சி இல்லை, போரும் இல்லை. ஒவ்வொரு நாளும் அதே பாதுகை, அதே பணி. இறைவன் பெயரால் அன்றாடக் கடமையை ஆற்றுவதற்குப் பரதனை விஞ்சிய சான்று தமிழில் இல்லை. கம்பனிடமிருந்து காட்டைப் பெற்ற கிருட்டிணபிள்ளை நந்திக்கிராமத்தைப் பெறவில்லை. ‘அன்றாட வாழ்வில் நிலைத்து நிற்பது எங்ஙனம்?’ என்ற வினாவிற்கு இந்நூல் தரும் விடையில் உள்ள பெருங்குறை இதுவேயாகும்.

இக்குறையைத் தமிழ்க் கிறித்தவ இலக்கியத்திலேயே நிரப்பும் நூல் ஒன்று முன்பே இருந்தது. வீரமாமுனிவரின் தேம்பாவணி 1726இல் நிறைவுற்றது. அதன் தலைவன் வளன் எனப்படும் சூசை; தச்சுத் தொழிலாளி; இல்லறத்தான். விவிலியம் அவன் பேசிய சொல் ஒன்றையும் பதிவு செய்யவில்லை. கனவில் இறைவனின் கட்டளை வருகின்றது, எழுகின்றான், செய்கின்றான். மனைவியையும் குழந்தையையும் விட்டு ஓடவில்லை. அவர்களை அழைத்துக்கொண்டே எகிப்துக்குச் செல்கின்றான். தேம்பாவணி வீட்டின் காப்பியம். இரட்சணிய யாத்திரிகம் வழியின் காப்பியம். இரண்டையும் அருகருகே வைத்துக் கற்பித்தால்தான் பாடம் முழுமை பெறும். ஒன்று கத்தோலிக்கர் நூல், மற்றொன்று சீர்திருத்தச் சபையார் நூல் என்று பிரித்து வைப்பது இலக்கியத்திற்கு ஊறு செய்வதாகும்.

தேவாரமும் உழவாரமும்

எனினும் கிருட்டிணபிள்ளை தம் குறையைத் தாமே ஓரளவு நிரப்பிக்கொண்டார் என்றும் சொல்லவேண்டும். காப்பியத்தின் இடையிடையே தேவாரம் என்னும் பெயரில் இசைப்பாடல்களை அமைத்தார். கதையோட்டத்திற்கு அவை இன்றியமையாதன அல்ல. அவற்றை நீக்கினாலும் கதை குறைவுபடாது. ஆயினும் நூலை மூடியபின் நெஞ்சில் நிற்பவை அவையே. இறைவனை நோக்கி உருகுதலும் தன் சிறுமையை எண்ணிக் கூசுதலும் அடைக்கலம் வேண்டுதலும் அவற்றின் பொருள். காப்பியச் செய்யுட்கள் யாத்திரிகன் எங்கே சென்றான் என்று கூறுகின்றன. தேவாரங்கள் அவன் எவ்வாறு நடந்தான் என்று கூறுகின்றன. நாள்தோறும் சொல்லத்தக்க வேண்டுதல் இல்லாமல் நாள்தோறும் நடத்தல் இயலாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

தேவாரம் என்ற பெயர் திருநாவுக்கரசரை நினைவூட்டாமல் இராது. நீற்றறையில் இடப்பட்டும் அஞ்சாதவர் என்று அவரைப் புகழ்வர். ஆனால் அவர் திருவுருவத்தின் கையில் இருப்பது எது? வாளன்று, வேலன்று, உழவாரம். கோயில் முன்றிலில் முளைத்த புல்லைச் செதுக்கும் எளிய கருவி. புல் இன்று செதுக்கினால் மழைக்குப்பின் மீண்டும் முளைக்கும்; மீண்டும் செதுக்கவேண்டும். நீற்றறை ஒருமுறை வந்தது. உழவாரம் வாழ்நாள் முழுதும் இருந்தது. சைவமும் கிறித்தவமும் கொள்கையால் வேறுபடினும் தொண்டின் இவ்வியல்பில் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும்.

நடையைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். வடசொற்கள் மிகுதி, சமயக் கோட்பாடுகளை விளக்கும் இடங்களில் பாட்டு உரையாக இறுகிவிடுகின்றது. பண்புகளுக்கே பெயர் சூட்டி மாந்தராக்கியமையால் சிலர் நிழலாகவே வந்து போகின்றனர். இவற்றை மறைத்துப் புகழ்வது கவிஞருக்குச் செய்யும் சிறப்பன்று. முழு நூலையும் வரிசையாகக் கற்பிப்பதினும் குமார பருவத்திலும் தேவாரங்களிலும் தேர்ந்தெடுத்துக் கற்பிப்பது மாணவர்க்கு நலம் பயக்கும்.

தோட்டத்து வாசகர்க்கு

கெடா மாநிலத்தில் கூலிம் மாவட்டத்தைச் சேர்ந்த பாடாங் செராய் போன்ற ஊர்களில் வாழும் தமிழர்க்கு இந்நூல் எதற்கு என்று வினவுவோர் இருக்கலாம். யாத்திரை என்பது இவ்வட்டாரத்தார்க்குப் புதிதன்று. ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருத்தலத்திற்குச் செல்வோர் பலர்; தைப்பூசத்தில் காவடி தூக்கிப் பினாங்குக்குச் செல்வோர் பலர். அந்நாள்களில் பக்திக்குக் குறைவில்லை. வினா எஞ்சிய நாள்களைப் பற்றியது. விழா முடிந்து பேருந்தில் திரும்பியவன் மறுநாட் காலையில் எவ்வாறு இருக்கின்றான்?

இங்கு வந்து குடியேறிய முன்னோர் பயணத்தையும் அறிந்தவர். நிலைத்து நிற்றலையும் அறிந்தவர். கடல் கடந்தது ஒருமுறை. விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு நின்று அதே நிரையில் பால்மரம் வெட்டியது வாழ்நாள் முழுதும். கத்தி ஆழப் பதிந்தால் மரம் காயப்படும். மேலோடு சீவினால் பால் வாராது. அந்த நூலளவு வேறுபாட்டை ஒவ்வொரு மரத்திலும் ஒவ்வொரு நாளும் காத்தார்கள். மேற்பார்வையாளர் பாராத மரத்திலும் காத்தவரே நல்ல தொழிலாளி எனப்பட்டார். ரப்பர்க் காடுகள் பல இன்று செம்பனையாகவும் குடியிருப்பாகவும் மாறிவிட்டன. பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் நகரத்திற்கும் சென்றுவிட்டனர். தொழில் மாறினும் வினா மாறவில்லை. கடன் வாங்கச் சொல்லும் இன்சொல்லும், சிறு பொய் ஒன்றால் முடிந்துவிடும் சுருக்கு வழியும், இளைப்பாறப் புகுந்து உறங்கிவிடும் நிழல்மண்டபமும் இன்று முன்னினும் மிகுதி.

ஆகவே தமிழாசிரியர் இந்நூலைக் கையிலெடுக்கும்பொழுது பேயரசன் போரில் தொடங்கவேண்டுவதில்லை. வேலியோரத்துப் புல்வெளியில் தொடங்கலாம். அங்கே யாத்திரிகன் செய்த பிழை யாது என்று மாணவரைக் கேட்கலாம். எச்சமயத்து மாணவனும் அதற்கு விடை சொல்வான். அவன் நாள்தோறும் காணும் காட்சி அது. பின்னர்க் குமார பருவத்திற்கு அழைத்துச் சென்று, அவ்வேலியைத் தாண்டாது நடந்த ஒருவரின் கதையைக் கவிஞர் எவ்வாறு பாடியுள்ளார் என்று காட்டலாம். அதன்பின் நந்திக்கிராமத்துப் பரதனையும் தேம்பாவணியின் வளனையும் அருகில் நிறுத்தினால், கிருட்டிணபிள்ளை சொல்லியதும் சொல்லாது விட்டதும் மாணவனுக்கு ஒருங்கே விளங்கும். கிறித்தவக் கம்பர் என்ற பட்டத்தை அப்போது அவன் மனப்பாடம் செய்யவேண்டிய தேவை இராது, தானே கண்டுகொள்வான்.